மளிகைச் செலவைக் கட்டுக்குள் வைப்பது: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் குடும்பத்து மளிகைக் கடையில் பில் போடும் மேசையில் உட்காருகிறேன். சாமான் கட்டி முடிக்கும் வரை நின்றுகொண்டிருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். கடைக்காரியே செலவைக் குறைக்கச் சொல்லலாமா என்று சிலர் நினைக்கலாம். மாதம் முழுக்கக் கட்டுப்படியாகிற வீடுதான் பாக்கி வைக்காமல் வருஷக்கணக்கில் வரும். எங்களுக்கும் அதுதான் நல்லது.

"அக்கா, போன மாசம் வாங்கின அதே லிஸ்ட்தான். பில்லு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. எங்க இருந்து குறைக்க ஆரம்பிக்கிறது?"

முதலில் மூன்று மாத பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பால், காய்கறி, கறி, மீன் இவற்றுக்கு பில் இருக்காது. அதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காய், முட்டை-கறி, மசாலா, நொறுக்குத் தீனி, சோப்பு-ஷாம்பு என்று பிரித்துக் கூட்டிப் பாருங்கள். அரிசியும் பருப்பும்தான் காசை விழுங்குகிறது என்று நினைத்து வருபவர்கள், பிஸ்கட், நூடுல்ஸ், பாட்டில் பானம், சோப்பு வகை எல்லாம் சேர்ந்து எவ்வளவு வருகிறது என்று பார்த்ததும் திகைத்துப் போகிறார்கள்.

குறைப்பதற்கு ஒரு வரிசை வேண்டும். பாக்கெட் தீனி முதலில், எண்ணெய் அடுத்து, அழுகியும் காய்ந்தும் குப்பைக்குப் போகும் காய்கறி மூன்றாவது. பருப்பு, முட்டை, பால், கீரை இவற்றில் கடைசி வரை கை வைக்காதீர்கள். விலை ஏறியதும் நிறைய வீடுகளில் முதலில் பருப்பைத்தான் அரை கிலோ குறைக்கிறார்கள். பிஸ்கட் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது.

"பெரிய பாக்கெட் வாங்கினா எப்பவும் லாபம்தானே?"

பெரும்பாலும் லாபம், எப்போதும் இல்லை. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'யு.எஸ்.பி.' என்று ஒரு எண் இருக்கும். ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதுதான் அது. கிராமுக்கு 0.42 ரூபாய் என்று போட்டிருந்தால் கிலோ 420 ரூபாய். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட்டில் கிலோ கணக்கிலேயே இருக்கும். இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது இந்த எண்ணை மட்டும் பாருங்கள், போதும்.

முன்பெல்லாம் டீத்தூள், பிஸ்கட் போன்றவற்றை 100, 200, 500 கிராம் என்று குறிப்பிட்ட அளவுகளில்தான் கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் அலகு விலையைக் கட்டாயம் ஆக்கினார்கள். அதனால்தான் இப்போது எந்த அளவிலும் பாக்கெட் வருகிறது. விலை அதே பத்து ரூபாய், உள்ளே இருப்பது மட்டும் குறைந்திருக்கும். ஷாம்புவில் கணக்கு தலைகீழ். பல கம்பெனிகளில் பாட்டிலை விட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேதான் மில்லி கணக்கில் மலிவு.

"எண்ணெய் பாக்கெட் எல்லாம் ஒரே சைஸ்லதான் இருக்கு. ஒண்ணு மட்டும் எப்படிக் குறைஞ்ச விலைக்குக் கிடைக்குது?"

அளவைப் படியுங்கள். பார்வைக்கு ஒரு லிட்டர் பாக்கெட் மாதிரியே 850 மில்லி, 850 கிராம், 800 கிராம் என்று வருகிறது. சமையல் எண்ணெய் தண்ணீரை விட லேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். 'கிராம்' என்று எழுதியதையும் 'லிட்டர்' என்று எழுதியதையும் நேராக ஒப்பிடக் கூடாது.

எடுத்துக்காட்டுக்கு, 1 லிட்டர் 158 ரூபாய், 850 கிராம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் இரண்டாவது எட்டு ரூபாய் மலிவு. கிலோவுக்கு மாற்றினால் முதலாவது சுமார் 174 ரூபாய், இரண்டாவது 176 ரூபாய்க்கு மேல். மலிவு என்று எடுத்ததுதான் விலை கூடியது.

"எண்ணெய் விலை ஏன் இப்படி ஆடுது? நல்லா இறங்கும்போது வாங்கி வச்சுக்கலாமா?"

நம் நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் பெருமளவு ரஷ்யா, உக்ரைனிலிருந்தும் வருகிறது. 2022-இல் போர் தொடங்கியதும், இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியதும், நம் அடுப்படி வரை தெரிந்தது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு இறக்குமதி வரியை 20 சதவீதப் புள்ளி ஏற்றியது. 2025 மே மாத இறுதியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கு அடிப்படை வரியை 20-இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. இதையெல்லாம் முன்கூட்டிக் கணித்து வாங்க யாராலும் முடியாது. ஒரு மாதத்துக்கு வேண்டியதை வாங்குங்கள், அவ்வளவுதான்.

விலையைப் பார்ப்பதை விட அளவைப் பாருங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நாலு பேர் வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். எங்களிடம் நாலு பேருக்கு ஐந்து, ஆறு லிட்டர் வாங்கும் வீடுகள் நிறைய. பாட்டிலிலிருந்து சட்டியில் நேராக ஊற்றாமல் ஒரு குழிக் கரண்டியால் அளந்து ஊற்றச் சொல்வேன். வறுவலை வாரத்தில் ஒரு நாள் குறைத்தாலே அரை லிட்டர் மிஞ்சும்.

"செக்கு எண்ணெய் நல்லதுன்னு சொல்றாங்க. ஒருத்தர் 200 ரூபாய்க்கே தர்றார். வாங்கலாமா?"

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடுக்க இரண்டே கால் கிலோ, இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். கடையில் நிலக்கடலைப் பருப்பு என்ன விலை என்று கேட்டு, அதை இரண்டே காலால் பெருக்குங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், ஆட்டும் கூலி, கரண்ட், பாட்டில் எல்லாம் இருக்கிறது. கடலை விலையே 200-ஐத் தாண்டும்போது அதில் எப்படி எண்ணெய் 200-க்கு வரும்? வேறு ஏதோ கலந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கட்டுப்படியானால் நீங்களே கடலை வாங்கிக் கொடுத்து, கண்ணெதிரே ஆட்டி வாங்குங்கள். முடியாதவர்கள் சாதாரண பாக்கெட் எண்ணெயை அளவோடு ஊற்றினால் போதும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

"எங்க கார்டுக்கு ரேஷன்ல என்னென்ன வரும்? சில பேரு எல்லாம் வாங்குறாங்க, எங்களுக்கு சர்க்கரை மட்டும்தான்."

கார்டு வகையைப் பொறுத்தது. அரிசி அட்டை என்றால் அரிசி விலையில்லாமல் கிடைக்கும். 2011 ஜூனிலிருந்து இதுதான் நடைமுறை. அதோடு துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். கோதுமை இருப்பைப் பொறுத்துக் கிடைக்கும். மிகவும் ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் அந்த்யோதயா அட்டைக்கு அரிசி 35 கிலோ. சர்க்கரை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அரிசி கிடையாது, சர்க்கரை கூடுதலாக உண்டு. உங்கள் ஸ்மார்ட் கார்டில் என்.பி.எச்.எச்.-எஸ் என்று போட்டிருந்தால் அது சர்க்கரை அட்டை.

பருப்பும் பாமாயிலும் வாங்கினாலே வெளிவிலையோடு ஒப்பிட்டால் மாதம் 150 ரூபாய்க்கு மேல் மிச்சம். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்களுக்காக ஒதுக்கிய சரக்கு. கூச்சப்பட என்ன இருக்கிறது?

"வாங்காத சாமானை வாங்கினதா மெசேஜ் வருது. என்ன செய்ய?"

பில் போட்டதும் பதிவு செய்த கைபேசிக்கு விவரம் வந்துவிடும், அதைப் படிக்காமல் அழிக்காதீர்கள். வாங்காததை எழுதியிருந்தால் முதலில் கடையில் கேளுங்கள். சரிசெய்யாவிட்டால் 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் புகார் சொல்லலாம். இரண்டும் இலவச அழைப்பு.

"ரேஷன் அரிசியைக் கழுவினா சில அரிசி மிதக்குது, நிறமும் வேற மாதிரி இருக்கு. பிளாஸ்டிக் அரிசியா?"

இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்து, 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ என்ற அளவில் கலக்கிறார்கள். மாவால் செய்தது என்பதால் நிறமும் எடையும் கொஞ்சம் மாறும். பொறுக்கி எறிய வேண்டாம். ரத்தசோகை உள்ள பெண்களுக்காகத்தான் முக்கியமாகச் சேர்க்கிறார்கள். அரிசியை ரொம்ப அலசாமல் இரண்டு முறை கழுவினால் போதும்.

சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால் புழுங்கல் அரிசியை இட்லி, தோசைக்குப் போடுங்கள். பச்சரிசியை மில்லில் மாவாக்கினால் புட்டு, இடியாப்பம், முறுக்கு எல்லாம் வரும். வெளியே விற்பது மட்டும் கூடாது. அது குற்றம்.

"உழவர் சந்தைக்குப் போறதுக்கு ஆட்டோ காசு ஆகுது. அவ்வளவு வித்தியாசம் இருக்கா?"

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் மட்டும் அங்கே விற்கலாம். மொத்த விலையை விட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளிச் சில்லறை விலையை விட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாக இருக்கிற மாதிரி தினமும் விலை வைத்துப் பலகையில் எழுதுவார்கள். 300 ரூபாய்க்குக் காய் வாங்கினால் 45 ரூபாய் மிச்சம். ஆட்டோவுக்கு 80 கொடுத்தால் அது நஷ்டம்தான். பஸ்ஸில் போக முடிந்தால், அல்லது பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்க முடிந்தால் போங்கள்.

ஆனால் உண்மையான லாபம் விலையில் மட்டும் இல்லை. அன்று காலையில் பறித்த கத்தரியும் வெண்டையும் நாலைந்து நாள் தாங்கும். தள்ளுவண்டியில் மூன்றாம் நாள் காயை மலிவாக வாங்கி அதில் கால்பங்கைத் தூக்கிப் போட்டால் அந்த மலிவு எங்கே? விடியற்காலையில் போனால் நல்ல காய், முடியும் நேரத்தில் போனால் கூறு கட்டி மலிவாகத் தருவார்கள். கீரைக்கட்டு விற்கும் பாட்டியிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். நம் பட்ஜெட் அதில் மிஞ்சப் போவதில்லை.

"அரிசி மூட்டை 26 கிலோன்னு போட்டிருக்கு. ஒரு கிலோ சும்மா தர்றாங்களா?"

சும்மா இல்லை, வரிக்காக. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோவுக்கு மேல் போனால் வரி இல்லை. ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்டிவிட்டார்கள். அதே அரிசி 25 கிலோவில் வாங்குவதை விட 26 கிலோவில் வாங்கினால் கிலோ விலை குறைகிறதா என்று வகுத்துப் பாருங்கள், பொதுவாகக் குறையும். இரண்டு கிலோ, ஐந்து கிலோ மட்டும் வேண்டும் என்பவர்கள் மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தரச் சொல்லுங்கள். அப்படிச் சில்லறையாக நிறுப்பதற்கும் வரி கிடையாது. அழகான பாலிதீன் பையில் அடைத்ததற்குத்தான் வரி, பைக்கும் காசு.

"மாமியார் வருஷ சாமான் மொத்தமா வாங்கி வைக்கச் சொல்றாங்க. இந்தக் காலத்துல அது சரிப்படுமா?"

சில சாமானுக்கு நன்றாகவே சரிப்படும். புளி மாசி, பங்குனியில் புதுசாக வரும். கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைத்தால் வருஷம் தாங்கும். மல்லியும் மிளகாயும் தை முடிந்து சித்திரைக்குள் புதுச் சரக்கு வந்து, விலையும் இளகும். வெயிலும் இருக்கும், காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளலாம். வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடிக்கும் பாக்கெட் பொடிக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே சொன்ன கிராம் விலையை வைத்துப் பாருங்கள், ஒரு தடவை பார்த்தவர்கள் திரும்பப் பாக்கெட் வாங்க மாட்டார்கள். துவரையும் தை, மாசியில் புது வரத்து. இரண்டு மூன்று மாதத்துக்கு வாங்கலாம்.

எண்ணெய், ரவை, மைதா, கடலை மாவு இவற்றை மொத்தமாக வாங்க வேண்டாம். சிக்கு வாடை வரும், பூச்சி வரும். நகையை வைத்தோ கடன் வாங்கியோ மொத்தச் சாமான் வாங்குவதும் வேண்டாம். வட்டி கொடுத்தால் சேர்த்த காசு அதிலேயே போய்விடும். கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்கு மூன்று, நாலு வீடு சேர்ந்து போய் மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொள்வது நல்ல வழி.

"வாங்கி வச்சா வண்டு வந்துடுதே?"

துவரம் பருப்புக்கு கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிப் பிசறி வையுங்கள். சமைக்கும் முன் வெந்நீரில் கழுவினால் போய்விடும். அரிசியில் காய்ந்த வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்பு போடலாம். வண்டு வந்த அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் போடாதீர்கள், அரிசி வெடித்துச் சாதம் குழையும். நிழலில் பரப்பிப் புடைத்தால் போதும். ரவையை வாங்கிய அன்றே வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். பழைய சாமான் இருக்கும் டப்பாவிலேயே புதுசைக் கொட்டுவதுதான் பெரும்பாலும் வண்டுக்குக் காரணம். டப்பாவைக் காலி செய்து, துடைத்து, காயவைத்துப் பிறகு கொட்டுங்கள்.

"பருப்பு இந்த விலை வித்தா எப்படி வாங்குறது? பாதியா குறைச்சுட்டேன்."

முதல் பதிலில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்வேன். முன்பு சொன்ன அதே ஊட்டச்சத்து வழிகாட்டியில் பருப்பு, முட்டை, கறி, மீன் இவையெல்லாம் சேர்ந்து ஓர் ஆளுக்கு நாளுக்கு 85 கிராம் என்று இருக்கிறது. நாலு பேருக்கு மாதம் பத்து கிலோவுக்கு மேல். நம் வீடுகளில் மாதம் இரண்டு, இரண்டரை கிலோ பருப்பு போவதே அதிகம். இதற்கு மேல் எதைக் குறைப்பது?

துவரையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். சாம்பாரில் பாதி துவரை, பாதி பாசிப்பருப்பு அல்லது மைசூர்ப் பருப்பு போடுங்கள், சீக்கிரமும் வேகும். கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, கருப்புக் கொண்டைக்கடலை எல்லாம் புரதத்தில் துவரைக்கு ஏறக்குறைய சமம்தான். நிலக்கடலையில் 100 கிராமுக்கு சுமார் 25 கிராம் புரதம், மீல் மேக்கரில் 50 கிராமுக்கு மேல். முட்டை ஒன்றில் ஆறு கிராமுக்குக் கொஞ்சம் கூட. நாமக்கல் முட்டை விலை தினமும் அறிவிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு அட்டை முப்பது முட்டையாக வாங்கினால் சில்லறையை விடக் குறையும். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் கேஸும் மிச்சம்.

"தக்காளி நூறைத் தாண்டினா என்னக்கா பண்றது?"

தக்காளி இல்லாமல் சமையுங்கள். மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, பருப்புத் துவையல், மிளகு ரசம், கொள்ளு ரசம் எதற்கும் தக்காளி தேவையில்லை. தக்காளி நம் ஊருக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்தும், ஆந்திராவில் மதனப்பள்ளி, கர்நாடகாவில் கோலார் பக்கத்திலிருந்தும் வருகிறது. அங்கே மழை அடித்தாலோ வெயில் கருக்கினாலோ சில வாரம் விலை பறக்கும், அடுத்த பறிப்பு வந்ததும் விழும். 2023 ஜூலையில் ஏறியபோது சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்றது. அந்த மாதிரி நேரத்தில் கூட்டுறவுப் பண்ணைப் பசுமைக் கடைகளையும் போய்ப் பாருங்கள்.

முருங்கைக்காயும் இதே கதைதான். பங்குனி, சித்திரையில் கொட்டிக் கிடக்கும், கார்த்திகை, மார்கழியில் விலை கேட்கவே முடியாது. அப்போது சாம்பாரில் முள்ளங்கி போடுங்கள்.

"தேங்காய் இல்லாம நம்ம சமையல் ஏது? ஒரு காய் விலையைக் கேட்டா பயமா இருக்கு."

2025-இல் ஏறிய ஏற்றம் கொஞ்சநஞ்சம் இல்லை. வெள்ளை ஈ, வாடல் நோய் என்று பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகள் சில வருஷமாகவே அடிவாங்கி வருகின்றன. சட்னியில் பாதித் தேங்காய், பாதி பொட்டுக்கடலை. பொரியலுக்குத் தேங்காய்ப்பூவை விட்டுவிட்டு வறுத்துப் பொடித்த நிலக்கடலை தூவலாம். குழம்புக்குக் கசகசா வேண்டாம், அது இன்னும் விலை. உடைத்ததில் மிச்சத்தைத் துருவி ஃப்ரீசரில் வையுங்கள். மூடி கருத்துப்போய் வீணாவதுதான் பல வீட்டில் நடக்கிறது. எடை போட்டு விற்கும் கடையாக இருந்தால் சின்னக் காய் இரண்டு வாங்குங்கள், ஒரு நாளைக்கு ஒன்று காலியாகிவிடும்.

"இட்லி மாவு பாக்கெட் வாங்குறதா, வீட்ல அரைக்கிறதா?"

ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரைத்தால் கிட்டத்தட்ட மூன்று கிலோ மாவு வரும். உங்கள் தெருவில் ஒரு கிலோ மாவு என்ன விலையோ அதை மூன்றால் பெருக்கி, அரிசி உளுந்து விலையோடு வைத்துப் பாருங்கள். பாதிக்கும் குறைவாகவே வரும். ரேஷன் புழுங்கல் அரிசி என்றால் உளுந்துக் காசு மட்டும்தான்.

வேலைக்குப் போய்வந்து கிரைண்டர் கழுவ முடியாத பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊறவைத்துக் கொண்டுபோனால் கூலிக்கு ஆட்டித் தரும் கடைகள் இருக்கின்றன, அது நடுவழி. வீட்டில் இருக்கிற ஆண்களும் கிரைண்டர் கழுவலாம்.

"கறி, மீன் எப்ப வாங்கினா குறைவு?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறும், முட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். புரட்டாசியில் நிறையப் பேர் அசைவம் சாப்பிட மாட்டார்கள், கோழியும் மீனும் இறங்கும். வஞ்சிரம்தான் மீன் என்று இல்லை. மத்தி, நெத்திலி மலிவு, சத்தில் ஒரு குறையும் இல்லை.

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு சூப்பர் மார்க்கெட்ல போடுறாங்களே?"

உங்கள் லிஸ்டில் ஏற்கெனவே இருக்கும் சாமான் என்றால் எடுங்கள். இல்லையென்றால் அது ஃப்ரீ இல்லை, புதுச் செலவு. தேதியைப் பாருங்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்தத் தேதி வரை தரம் நன்றாக இருக்கும் என்று பொருள், ஒரு நாள் தாண்டினால் விஷம் ஆகிவிடாது. 'எக்ஸ்பைரி', 'யூஸ் பை' என்றால் தாண்டிய பிறகு தொடாதீர்கள். சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18-இலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. பழைய விலை ஞாபகத்தில் இருக்கும்போது 'தள்ளுபடி' என்று காட்டுவது உண்மையில் வரிக்குறைப்புதானா என்றும் பாருங்கள்.

"ஆப்ல ஆர்டர் போட்டா பத்து நிமிஷத்துல வீட்டுக்கே வருது. விலையும் கடையை விடக் குறைச்சுத்தான் காட்டுது."

சாமான் விலையைப் பார்க்காமல் கடைசியில் கட்டும் தொகையைப் பாருங்கள். கையாளும் கட்டணம், டெலிவரி, சின்ன ஆர்டருக்குத் தனிக் கட்டணம் என்று சேரும். சில நாள் அதையும் சேர்த்தே மலிவாக இருக்கும், அப்போது வாங்குவதில் தப்பில்லை. கொத்தமல்லிக்கட்டு ஒன்று மறந்துபோய், குறைந்தபட்ச ஆர்டரை எட்டுவதற்காக இன்னும் நாலு பாக்கெட் சேர்ப்பதுதான் செலவு. ஒரு மாத ஆப் ஆர்டர்களையும் முதல் கேள்வியில் சொன்ன நோட்டில் எழுதிவிடுங்கள்.

"கடையில நோட்டுப் போட்டு மாசக் கடைசியில குடுக்குறோம். அது நஷ்டமா?"

வட்டி போடாத கடையாக இருந்தால் நேரடி நஷ்டம் இல்லை. ஆனால் நோட்டில் வாங்கும்போது விலை கேட்கக் கூச்சம் வரும், வேறு கடைக்கும் போக முடியாது. பிள்ளைகளை அனுப்பினால் அதோடு ஒரு சாக்லேட்டும் ஏறும். வாரத்துக்கு ஒருமுறை முடிக்கப் பாருங்கள். எழுதும்போதே சாமான், அளவு, விலை மூன்றையும் உங்கள் நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

"எடை குறையுற மாதிரி சந்தேகமா இருக்கு. கேட்டா சண்டை வருது."

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை வைக்க வேண்டும். அதில் பையை வைக்கும் முன் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கக் கூடாது, 'கூலிங் சார்ஜ்' என்று சொன்னாலும் கூடாது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். பில் வாங்கி வையுங்கள், அது இல்லாமல் புகார் நிற்காது.

"தீபாவளி மளிகைச் சீட்டுல மாசம் 500 கட்டினா கடைசியில 30 சாமான் தர்றாங்களாம். சேரலாமா?"

என் பதில் வேண்டாம் என்பதுதான். அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ ஊரில் உண்டு. அப்படியே கொடுத்தாலும், அந்த 30 சாமானின் அளவையும் கம்பெனியையும் எழுதிக் கேளுங்கள். கணக்குப் போட்டால் பாதி சமயம் கட்டிய காசுக்கே வராது. அதே 500-ஐ அஞ்சலகத்தில் ஆர்.டி. போடுங்கள், அல்லது உங்கள் மகளிர் குழுச் சேமிப்பில் போட்டு, தீபாவளிக்கு ரொக்கமாக எடுத்து உங்களுக்கு வேண்டியதை வாங்குங்கள்.

"நாங்க வயசான ரெண்டு பேருதான். இதெல்லாம் எங்களுக்கு ஒத்து வருமா?"

மொத்தக் கொள்முதல் ஒத்து வராது, அந்தப் பதில்களை விட்டுவிடுங்கள். சின்ன அளவில், வாரா வாரம், சில்லறையாக நிறுத்து வாங்குங்கள். பால் தினமும் வேண்டும் என்றால் ஆவின் மாத அட்டை எடுத்தால் அட்டை விலை குறைவு. தயிரை வீட்டிலேயே உறை ஊற்றுங்கள். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலைச் சாப்பாடு முடிந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவு பார்த்துச் சாப்பிடுங்கள்.

"நீங்க சொன்னதெல்லாம் ஏற்கெனவே செஞ்சுட்டுத்தான் இருக்கேன். இன்னும் பத்தல அக்கா."

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் சிக்கனம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. வரவே போதவில்லை. அப்போது வீட்டுக்குள் வயிற்றைக் கட்டாமல், வெளியே கிடைக்க வேண்டியதையெல்லாம் வாங்குங்கள். அரசு தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கினார்கள். மதியம் சத்துணவில் முட்டையும் உண்டு. பள்ளிச் சாப்பாடு வேண்டாம் என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அங்கன்வாடியில் பெயர் பதிந்தால் சத்துமாவு கிடைக்கும், சின்னக் குழந்தைகளுக்கும் உண்டு. சர்க்கரை அட்டை வைத்திருந்து இப்போது வருமானம் குறைந்துவிட்டால், அரிசி அட்டைக்கு மாற்ற முடியுமா என்று வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். வேலைக்குப் போகிற இடத்தில் அம்மா உணவகம் இருந்தால் மதியச் சாப்பாட்டை அங்கே முடிக்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து எழுதித் தருகிறேன். ஆதார், ரேஷன் கார்டு, அதில் பதிந்த கைபேசி மூன்றையும் கையோடு எடுத்து வாருங்கள்.